அப்பாவின் வெள்ளணுக்களுக்கு என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 64 வயது, பதினைந்து வருடமாக சுகர். ஆறு மாதத்துக்கு முன்னால் வயலில் கருவேல முள் குத்தியது, குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறது, இப்போது பாதத்தின் நடுப்பகுதி முழுக்க வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்தாயிற்று. எலும்பில் சீழ் பிடித்திருக்கிறதா, இல்லை சுகரால் நரம்பு செத்து எலும்பு நொறுங்குகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். ரத்தம் எடுத்து அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை அதில் ஏற்றி, திரும்ப அப்பா உடம்பிலேயே செலுத்தி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன், "நோயை எதிர்க்கிற அணுவையே கதிரியக்கத்தில் போட்டா அது செத்துப்போகும், இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போயிடும், பின்னாடி ரத்தப் புற்றுநோய்கூட வரலாம்" என்கிறார். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். அப்பாவுக்கு ஒரே கவலைதான், சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்கப் போக முடியுமா என்று. என்ன செய்வது?

பதில்:

வணக்கம். உங்கள் தெரு அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த ஸ்கேனைக் கண்டுபிடித்தவர்களும் முதலில் இதைத்தான் கேட்டுக்கொண்டார்கள், பல வருடம் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பதிலில்தான் அவர் கொஞ்சம் வழுக்கிவிட்டார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்குகிறேன். டெக்னீசியம் ஏற்றிய வெள்ளணு, ஏற்றிய முறை சரியாக இருந்தால், தன் வேலையைச் செய்யும். உங்கள் அப்பாவின் எதிர்ப்புச் சக்தி இதனால் குறையாது. அந்த அணுவைக் கெடுப்பது பெரும்பாலும் கதிரியக்கம் கிடையாது, எங்கள் கைதான். அது எப்படி என்றுதான் இந்தப் பதில் முழுக்க எழுதப் போகிறேன், ஏனென்றால் இதை நோயாளிகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எடுக்கப்போகும் ரத்தம் சுமார் 50 மில்லி, அதாவது டீக்கடைக் கிளாஸில் பாதி. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 7,000 வெள்ளணுக்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த 50 மில்லியில் இருப்பது 35 கோடி. கேட்க பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் உடம்பில் ஓடுகிற ஐந்து லிட்டரில் இருப்பது 3,500 கோடி, அது போக ரத்தக்குழாயின் சுவரோரம் ஒட்டி நிற்பவை வேறு, எலும்பு மஜ்ஜையில் காத்திருப்பவை வேறு. நியூட்ரோஃபில் என்று சொல்கிறோமே, சீழ் பிடித்த இடத்துக்கு முதலில் ஓடுகிற வகை, அதை மட்டும் மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உற்பத்தி செய்கிறது. நாங்கள் எடுக்கிற 35 கோடி அத்தனையும் செத்தே போனாலும், வைகையில் தண்ணீர் வருகிற காலத்தில் ஒரு குடம் மொண்டது மாதிரிதான். (தண்ணீர் வராத காலத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) ஆக எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயத்தை இந்த ஒரு கணக்கிலேயே இறக்கி வைத்துவிடலாம்.

அடுத்து, அந்த 35 கோடி அணுக்களுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி. இதுதான் சுவாரசியமானது.

ரத்தத்தை எடுக்கிற சிரிஞ்சிலேயே உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கும். அதோடு ஸ்டார்ச் கரைசல் கொஞ்சம் சேர்த்து, சிரிஞ்சை முனை மேலே பார்க்க ஸ்டாண்டில் நிறுத்தி வைப்போம். முக்கால் மணி நேரம் அதைத் தொடக்கூடாது. சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று அடுக்காக ஒட்டிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். மேலே இளமஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக ஒரு பகுதி தேறி நிற்கும், வடித்த கஞ்சி தெளிகிற மாதிரி. அந்தக் கலங்கல்தான் வெள்ளணுக்கள். அதை மட்டும் மெல்லிய குழாய் வழியாக மேலே தள்ளி வேறு ட்யூபுக்கு மாற்றி, சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுற்றி, அடியில் படிகிற பொட்டளவு அணுக்குவியலை எடுத்து, அதில் மருந்தைக் கலந்து கால் மணி நேரம்போல வைத்திருந்து, ஒட்டாத மருந்தைக் கழுவி நீக்கி, அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றிவிடுவோம். எல்லாம் கிருமி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, இரண்டிலிருந்து மூன்று மணி நேர வேலை.

இதில் கதிரியக்கம் வருவது கடைசிப் பகுதியில்தான் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்னாலேயே அந்த அணு எத்தனை பாடுபட்டுவிட்டது! உடம்பை விட்டு வெளியே வந்துவிட்டது, பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டது, சுற்றலில் நசுங்கியிருக்கிறது, ஊசி வழியாகப் போய் வந்திருக்கிறது. நியூட்ரோஃபில் தொட்டாற்சிணுங்கி மாதிரி. எதிரியைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளவும் வெடிக்கவும் தயாராக இருப்பதுதான் அதன் பிழைப்பு. வேகமாகச் சுற்றினாலோ, ட்யூபைப் படபடவென்று தட்டினாலோ, மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்ட அணு பிசுபிசுவென்று ஆகி பக்கத்து அணுவோடு ஒட்டும். அப்படி ஒட்டிய கட்டியை உடம்பில் ஏற்றினால் அது போய் நிற்கிற இடம் பாதம் இல்லை, நுரையீரல். அங்கே இருக்கிற நுண்குழாய்களில் மாட்டிக்கொள்ளும்.

இதை நானே பார்த்திருக்கிறேன். நான் வேலை பழகிய ஒரு இடத்தில், ஒரு நாள் மூன்று நோயாளிகள் வரிசையில் நிற்க, அவசரத்தில் சென்ட்ரிஃபியூஜின் வேகத்தைக் கூட்டி வைத்து நேரத்தைக் குறைத்தோம். அடியில் படிந்த குவியல் கலையவில்லை என்று நான்தான் ட்யூபை மேசை விளிம்பில் தட்டினேன். மதியம் படத்தைப் பார்த்தால் இரண்டு நுரையீரலும் பளீரென்று எரிகிறது, கால் இருட்டாகக் கிடக்கிறது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, மூச்சுத் திணறல்கூட இல்லை, ஆனால் அந்த மனிதருக்கு இன்னொரு நாள் ரத்தம் கொடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. என் சீனியர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை, அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து லேப் கதவில் ஒட்டிவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

சரி, கதிரியக்கத்துக்கு வருகிறேன். கதிரியக்கம் ஓர் அணுவை எப்படிக் கொல்கிறது? பெரும்பாலும் அதன் டிஎன்ஏவை உடைத்து. ஆனால் உடைந்த டிஎன்ஏவோடு ஓர் அணு சில நேரம் சும்மா நடமாடிக்கொண்டுதான் இருக்கும், இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் மாட்டிக்கொண்டு சாகும். நியூட்ரோஃபிலோ பிரியவே பிரியாது. மஜ்ஜையை விட்டு வெளியே வரும்போதே பிள்ளை பெறுகிற காலம் அதற்கு முடிந்துவிட்டது. ரத்தத்தில் அது சுற்றுகிற அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகிற நேரம், வெறும் ஆறேழு மணி நேரம். பிறகு திசுவுக்குள் நுழைந்து ஓரிரு நாளில் முடிந்துவிடும். கதிரியக்கத்தின் கெடுதல் வெளியே தெரிவதற்குள் அதற்கே ஆயுள் முடிந்துவிடுகிறது. நாளைக் காலை ரிட்டயர் ஆகப் போகிறவருக்கு இன்று டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கொடுத்த கதை.

லிம்ஃபோசைட் விஷயம் வேறு, அதை மறைக்க வேண்டியதில்லை. இதுவும் வெள்ளணுதான், நீண்ட நாள் வாழ்வது, பழைய நோய்களை நினைவில் வைத்திருப்பது, தேவைப்பட்டால் பிரிந்து பெருகுவது. கதிரியக்கத்துக்கு மிகவும் பயந்த அணுவும்கூட. நாங்கள் பிரிக்கிற கலவையில் கொஞ்சம் லிம்ஃபோசைட்டும் வந்துவிடும். டெக்னீசியத்துக்கு முன்னால் இண்டியம்-111 என்ற தனிமத்தைத்தான் பயன்படுத்தினார்கள். 1970-களின் நடுவில் தாக்கூர், மெக்காஃபி என்ற ஆய்வாளர்கள் செய்த வேலையில்தான் அது புழக்கத்துக்கு வந்தது. அதன் அரை ஆயுள் 2.8 நாள். அது வெளிவிடுகிற ஓஜே எலக்ட்ரான்கள் மிகக் குறுகிய தூரமே போகக்கூடியவை, பெரும்பாலும் அந்த அணுவுக்குள்ளேயே தங்கள் சக்தியைக் கொட்டிவிடும். வெளியே இருக்கிற திசுவுக்கு இது நல்லது, சுமக்கிற அணுவுக்கு நல்லதில்லை. இண்டியம் ஏற்றிய லிம்ஃபோசைட்டுகளைச் சோதித்தபோது அவற்றின் குரோமோசோம்கள் உடைவதையும் அவை பெருகும் திறனை இழப்பதையும் 1980-களில் கண்டார்கள். உங்கள் அண்ணன் எங்கேயாவது இதைப் படித்திருக்கலாம். படித்ததில் தப்பில்லை. ஆனால் அப்படி அடிபட்ட லிம்ஃபோசைட் பெருகாமல் செத்துப்போகிறது, பெருகிக் கொழுப்பதில்லை. உடம்பில் உள்ள மொத்த லிம்ஃபோசைட்டில் ரத்தத்தில் ஓடுவது சுமார் 2 சதவீதம்தான், மீதி நெறிக்கட்டியிலும் மண்ணீரலிலும் மற்ற இடங்களிலும் இருக்கிறது. அந்த இரண்டில் நூறில் ஒரு பங்கை நாங்கள் தொடுகிறோம்.

டெக்னீசியம்-99எம் இன்னும் சாது. அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதை வெள்ளணுவுக்குள் கொண்டுபோகிற மருந்துக்கு எச்எம்பிஏஓ என்று பெயர், 1986-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்காரர்கள் வெள்ளணுவுக்குப் பயன்படுத்தியது. அணுவின் தோல் கொழுப்பால் ஆனது. இந்த மருந்து கொழுப்பில் கரைவதால் எளிதாக உள்ளே நுழைந்துவிடும், உள்ளே போனதும் நீரில் கரைகிற வடிவத்துக்கு மாறிவிடும், அதனால் வந்த வழியே வெளியேற முடியாது. எலிப்பொறி மாதிரி. (முழுக்கப் பூட்டிய பொறி இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அந்தக் கசிவு சிறுநீரிலும் குடலிலும் போகும். அதனால்தான் அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்.)

அணுவின் வேலைத்திறனைக் கெடுக்கக்கூடிய இன்னொன்று, கதிரியக்கத்தை ஒட்டிவைக்கிற ரசாயனம். இண்டியத்தைச் சுமந்து போகிற ஆக்சின் என்ற பொருள் அளவு மீறினால் அணுவுக்கு நஞ்சு. ஆரம்ப கால ஆய்வுகளில், மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட நியூட்ரோஃபில் ஊர்ந்து போகும் திறன் குறைவதைப் பார்த்தார்கள், அளவோடு வைத்தால் அது நன்றாகவே ஊர்ந்தது. அதனால்தான் இத்தனை அணுவுக்கு இவ்வளவு மருந்து, இவ்வளவு நிமிடம் என்று எங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. எச்எம்பிஏஓவையும் கலந்து அரைமணிக்குள் பயன்படுத்த வேண்டும், ஆறிப்போன காபி மாதிரி வைத்திருந்து ஊற்ற முடியாது.

அணு உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். டிரைபான் ப்ளூ என்று ஒரு நீலச் சாயம். உயிருள்ள அணு அதை உள்ளே விடாது, செத்த அணு நீலமாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் இந்தச் சோதனையை நான் முழுசாக நம்புவதில்லை. நீலமாகாத அணு உயிரோடு இருக்கிறது என்பது சரி, அது நடக்குமா? மூச்சு இருக்கிறவர் எல்லாம் அழகர்மலை ஏறிவிடுவாரா? வெள்ளணுவின் வேலை மூன்று. கிருமி விடுகிற வாசனையைப் பிடித்து அந்தப் பக்கம் ஊர்வது, கிருமியை விழுங்குவது, விழுங்கியதை உள்ளே வைத்துக் கொல்வது. ஒவ்வொன்றுக்கும் ஆய்வகத்தில் தனித்தனிச் சோதனை உண்டு, ஆனால் நோயாளி காத்திருக்கும்போது அத்தனையும் செய்துகொண்டிருக்க முடியாது.

ஆனால் இந்த ஸ்கேனே ஒரு வேலைத்திறன் சோதனைதான். ஏற்றிய வெள்ளணுக்கள் முதலில் நுரையீரலில் கொஞ்ச நேரம் தங்கும், நல்ல அணுவும் தங்கும், பிறகு அவிழ்ந்து வெளியேறும். அதன் பிறகு மண்ணீரலில் அதிகமாகவும், கல்லீரலிலும் மஜ்ஜையிலும் கொஞ்சமாகவும் சேரும். அடிபட்ட அணுக்களாக இருந்தால் நுரையீரல் மணிக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும், கல்லீரல் மண்ணீரலை மிஞ்சிப் போகும். ஆக முதல் படத்தைப் பார்த்தவுடனேயே இன்று கை சுத்தமாக இருந்ததா என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். அதெல்லாம் சரியாக இருந்து, நான்காவது மணி நேரத்திலும் மறுநாளும் உங்கள் அப்பாவின் பாதத்தில் ஓர் இடம் ஏறிக்கொண்டே வந்தால், என்ன அர்த்தம்? கதிரியக்கம் ஏற்றிய அந்த அணு, ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து, திசுவுக்குள் ஊர்ந்து, சீழ் இருக்கிற இடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. செத்த அணு அதைச் செய்யாது. உங்கள் அண்ணன் சொல்கிறபடி கதிரியக்கம் பட்டவுடன் அணு செத்துவிடுமென்றால் இப்படி ஒரு ஸ்கேனே உலகத்தில் இருக்க முடியாது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் நான் விளக்க முயன்றுகொண்டிருந்தேன். காளை வளர்க்கிறவர். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "ஏந்தம்பி, மாட்டுக்குக் கொம்புல பெயிண்ட் அடிக்கிற மாதிரின்னு சொல்லு. கூட்டத்துல எது நம்ம மாடுன்னு தெரியணும், அவ்வளவுதான?" ஆமாம் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெயிண்ட்டால மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அடிக்கிறவன் மூக்கணாங்கயித்தப் போட்டு இழுத்தான்னா அதுதான் மிரளும்" என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்கு விளக்கினாலும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன்.

மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அணுக்கள் விழுங்கிப் பாதுகாக்கின்றன என்ற கண்டுபிடிப்பு அங்கே தொடங்கியது, அதற்கு 1908-ல் நோபல் பரிசும் வந்தது. உங்கள் கடிதத்தில் கருவேல முள் என்று படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் செய்வதும் அதையேதான், என்ன, உங்கள் அப்பா கண்ணாடி மாதிரி இல்லை என்பதால் மொய்க்கிற அணுவுக்கு அடையாளம் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரத்தப் புற்றுநோய் பற்றி. அது பெரும்பாலும் மஜ்ஜையில் இருக்கிற தாய் அணுக்களிலிருந்து வருவது. நாங்கள் ஏற்றுகிற நியூட்ரோஃபில் திரும்பித் தாய் அணுவாக மாற வழியே இல்லை. மஜ்ஜைக்கும் மண்ணீரலுக்கும் கொஞ்சம் கதிர்வீச்சு போகத்தான் செய்யும், இல்லை என்று சொன்னால் பொய். டெக்னீசியம் வெள்ளணு ஸ்கேனில் உடம்புக்குக் கிடைப்பது, கொடுக்கிற அளவைப் பொறுத்து, இரண்டிலிருந்து நான்கு மில்லிசீவர்ட் (உடம்பில் படுகிற கதிர்வீச்சை அளக்கிற அலகு) வரை. ஒரு செலவும் இல்லாமல் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது உலகச் சராசரியாக 2.4. வயிற்றுக்கு ஒரு சிடி எடுத்தால் இதைவிட அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் மணலின் மேலேயே வீடு கட்டி இருக்கிறார்கள், அவர்களுக்கு இயற்கையே இன்னும் கூடுதலாகக் கொடுக்கிறது. அதற்காக இதைத் திருவிழா மிட்டாய் மாதிரி வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. 64 வயதில், கால் போகுமா இருக்குமா என்ற இடத்தில் நிற்கிறவருக்கு, இந்த அளவு தாராளமாக ஏற்கக்கூடியது.

உண்மையில் உங்கள் அப்பாவின் வெள்ளணுக்களை மாதக்கணக்கில் மந்தமாக்கி வைத்திருப்பது வேறொன்று, அதை உங்கள் அண்ணன் சொல்லவில்லை. சுகர். ரத்தத்தில் சர்க்கரை 250, 300 என்று ஓடும்போது நியூட்ரோஃபில் சரியாக ஊராது, சரியாக விழுங்காது. நாங்கள் தொடுவது நூறில் ஒரு பங்கை, அதுவும் சில மணி நேரம். சர்க்கரை தொடுவது மொத்தத்தையும், ஆண்டுக்கணக்கில். ஸ்கேனுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வாரமாவது சுகரைக் கட்டுப்பாட்டில் வைத்தால் புண்ணுக்கும் நல்லது. கீழவாசலில் ஜிகர்தண்டா குடித்துவிட்டு கதிரியக்கத்துக்குப் பயப்படுகிறவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை, சுகர் மாத்திரையோ இன்சுலினோ நிறுத்த வேண்டாம். வேறு ஸ்கேன்களோடு இதைக் குழப்பிக்கொண்டு பட்டினியாக வந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறாரென்றால் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு ஏதாவது, நாட்டு மருந்து என்ற பெயரில் கொடுத்த பொடி உட்பட, சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது வெள்ளணுவின் நடையைக் குறைக்கும். வெள்ளணு எண்ணிக்கை பார்த்த சமீபத்திய ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். எண்ணிக்கை 2,000-க்குக் கீழே இருந்தால் ஏற்ற அணு போதாது, ஸ்கேன் வீண். மறுநாளும் படம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், மேலூருக்குப் போய்த் திரும்பி வருவதா, மாட்டுத்தாவணி பக்கம் ஒரு அறை போடுவதா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், வீங்கிய காலோடு பஸ்ஸில் அலைக்கழிக்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் நான் உங்களுக்கு மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. திரும்ப ஏற்றும்போது சிரிஞ்சின் லேபிலில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிற எந்த வேலையிலும் ஆள் மாறாட்டம்தான் பெரிய ஆபத்து. ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றி, எச்ஐவி வரைக்கும் போன சம்பவங்களை 1992-ல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி வெளியிட்டது. கதிரியக்கத்தைப் பற்றிக் கேட்கிற நூறு பேரில் ஒருவர்கூட என்னிடம் லேபிலைப் பற்றிக் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் கோபப்பட மாட்டார்கள், ஊசி போடுவதற்கு முன்னால் அவர்களே அப்பாவின் வாயால் பெயரைச் சொல்ல வைப்பார்கள்.

இந்த ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. சீழ் பிடிக்கிற சாதாரணக் கிருமிகளை நன்றாகக் காட்டும், எலும்பு டிபியில் பல நேரம் ஏமாற்றும், ஏனென்றால் அங்கே மொய்ப்பது நியூட்ரோஃபில் இல்லை. முதுகெலும்பிலும் கைவிடும். பாதத்தில் நல்ல பலன் தருகிறது, அதிலும் உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கிற இந்தச் சந்தேகத்தில், நரம்பு செத்து எலும்பு நொறுங்குகிற சார்கோ பாதமா, எலும்பில் சீழா என்ற இடத்தில், எம்ஆர்ஐ குழம்பும்போது இது கைகொடுக்கும். நொறுங்குகிற எலும்பில் சில நேரம் புதிதாக மஜ்ஜை முளைத்து வெள்ளணுவை இழுக்கும், அது சந்தேகமாக இருந்தால் மஜ்ஜையை மட்டும் காட்டுகிற இன்னொரு ஸ்கேன் சேர்த்துக் கேட்பார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள். புண்ணுக்குள் கம்பி விட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டுப்பட்டதா என்று உங்கள் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தட்டுப்பட்டிருந்தால், ஸ்கேனைத் தாண்டி எலும்பில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பதே நேர்வழியாக இருக்கலாம்.

வீட்டில் கைக்குழந்தை, மாசமாக இருக்கிறவர்கள் யாராவது உண்டா? ஒரு நாள் மட்டும் அவர்களை அப்பா மடியில் வைத்துக்கொள்ளாமல், பக்கத்திலேயே படுக்காமல் இருந்தால் போதும். அவர் கழிவறை போய்வந்தால் தண்ணீர் நிறைய ஊற்றட்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை என்று அவரை ஒதுக்கி வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அம்மாவிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கடைசியாக அழகர். ஸ்கேன் முடிந்து மறுநாள் படமும் எடுத்த பிறகு, கதிரியக்கத்தைக் காரணம் காட்டி அவரைத் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் டாக்டராக நான் தடுப்பேன், காரணம் வேறு. முள் குத்தியதே தெரியாத பாதம் அது. சித்திரை வெயிலில் தார் ரோட்டிலும் ஆற்று மணலிலும் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் கொப்பளிப்பதும் தெரியாது, கூட்டத்தில் யார் மிதித்தாலும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் திருவிழா முடிந்த வாரத்தில் இப்படிக் கொப்பளித்த பாதங்கள் வரத்தான் செய்கின்றன. சார்கோவாக இருந்தால் அந்தக் காலில் எடை போடுவதே கூடாது, மாவுக்கட்டுகூடப் போடுவார்கள். எதிர்சேவைக்கும் ஆற்றுக்கும் வேண்டாம். அழகர் மலையிலிருந்து கிளம்பி வருகிற வழி உங்கள் பக்கம்தானே. இரவில் அப்பன்திருப்பதியில் ஏதாவது ஒரு மண்டகப்படி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொள்ளட்டும், செருப்பைக் கழற்றச் சொல்லி யாராவது சத்தம் போட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். கூட்டமும் ஆற்றங்கரை அளவுக்கு இருக்காது, சாமியையும் பக்கத்தில் பார்க்கலாம்.